படமும் பண்ணும் பாதுகாப்பும்



தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படத்தை எடுத்தவர் நம் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். ‘கீசக வதம்’ என்னும் அப்படத்தை அவர் 1916–18 காலத்தில் சென்னையில் எடுத்தார். அந்நாளில் படம்தான் ஊமை, கொட்டகை ஊமையன்று. திரையருகே அமர்ந்து வாத்தியம் இசைப்பது வழக்கம். இன்று ஆண்டு விழாவில் நிழற்படங்களை வரிசையாகத் திரையில் காட்டி இசை சேர்க்கிறோமே, அதுவும் அதே கலைதான்.

இக்கலைக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் இசையைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்னரே படங்களை எண்ண வேண்டும். ஆதி தாளத்திற்கு எட்டு அட்சரம். அட்சரத்திற்கு ஒரு விநாடி என்று கொண்டால், ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. ஒவ்வோர் ஆவர்த்தனமும் தொடங்கும்போது படம் மாறினால் கண்ணும் காதும் ஒன்றுபடும். 3 நிமிட இசைக்கு 22 படங்கள் போதும். நூறு படங்களைத் திணித்தால் ஒவ்வொன்றும் 2 விநாடிகூட நில்லாது. தோழியின் முகத்தை அடையாளம் காணுமுன் மறைந்துவிடும். பல முகங்கள் உள்ள வகுப்புப் படத்திற்கு இரண்டு ஆவர்த்தனம் கொடுக்கலாம்.

பண்ணும் பொருளுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். விளையாட்டு விழாவிற்குத் துள்ளும் தாளம் பொருந்தும். ஓய்வு பெறும் ஆசிரியைக்கு விடைகொடுக்கும் படங்களுக்கு வீணையோ குழலோ பொருந்தும். ஒருவர் விளக்கம் கூறும்போது பாட்டின் சொற்கள் இடையூறாகும். அங்கே வாத்திய இசையே நன்று; அதையும் தணித்து வைக்க வேண்டும். நம் பாடகர் குழுவின் பாடலையே பதிவுசெய்து சேர்த்தால் இன்னும் சிறப்பு.

இவ்வாறு தொகுத்ததைக் காப்பது எப்படி? ‘கீசக வதம்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்திற்கும் அதே கதிதான். உரித்த தோலை உடனே உப்பிட்டு வைக்காவிட்டால் அழுகிவிடும் என்பது நம் ஊர்ப் பக்கம் யாவரும் அறிந்தது. படங்களுக்கும் காலத்தில் செய்யும் பாதுகாப்பு வேண்டும்.

அதற்கு எளிய விதி ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்பது. மொத்தம் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வெளியூர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என வைக்கலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை நாம் அறிவோம். வீட்டிற்குள் வெள்ளம் புகுந்தால் ஒரே அலமாரியில் உள்ள கணினியும் வன்தட்டும் சேர்ந்தே நனையும். வேறிடத்தில் ஒன்று வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னும் சில எச்சரிக்கைகள். கைபேசியோடு இணைந்தியங்கும் இணையச் சேமிப்பில், கைபேசியில் ஒரு படத்தை அழித்தால் அங்கும் அழிந்துவிடக்கூடும்; ஆதலால் அதை மட்டும் நம்பலாகாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தெளிவு குறையும். மூலப் படத்தையே சேமியுங்கள். ஆண்டுக்கொருமுறை எல்லாப் பிரதிகளையும் திறந்து பாருங்கள். திறவாத பிரதி இருந்தும் இல்லாததே.

ஒவ்வொரு படத்துடனும் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர், “இவர் யார்?” என்று கேட்கும்போது பதில் சொல்ல நாம் அருகில் இருக்க மாட்டோம் அன்றோ!