முற்றுகை முடியும் நாள்

யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட வியூக விளையாட்டுகளில் கடல் முற்றுகை என்பது பெரும்பாலும் வெகு சுலபமான காரியமாகவே அமைந்துவிடுகிறது. எதிரியின் துறைமுகத்துக்கு வெளியே நாலைந்து கப்பல்களை நிறுத்திவைத்தால் போதும். அடுத்த முறை காய் நகர்த்துவதற்குள் அவனுடைய கஜானாவில் ஒரு பங்கு கரைந்துவிடும். ஆட்டத்தின் விறுவிறுப்புக்கு இந்தக் கணக்கு உதவலாம். முற்றுகையின் சுபாவத்தை அறிய விரும்புகிறவனுக்கோ இது பொய்ச் சாட்சி என்பதே என் திடமான அபிப்பிராயம்.

1914-இல் ஜெர்மனியை முற்றுகையிட்ட பிரிட்டிஷ் கடற்படை, கண்ணிவெடிகளும் டார்பிடோக்களும் நீர்மூழ்கிகளும் பெருகிவிட்ட காலத்தில் எதிரியின் கரையோரம் காவல் நிற்பது தற்கொலைக்குச் சமானம் என்று உணர்ந்து, தெற்கே டோவர் ஜலசந்தியையும் வடக்கே ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடலையும் அடைத்துக்கொண்டு, வெகு தூரத்திலேயே காத்திருந்தது. அங்கே மறிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை நடுநிலை நாடுகளின் கப்பல்கள். அவற்றை ஆர்க்னித் தீவுகளிலுள்ள கிர்க்வாலுக்கு அழைத்துச் சென்று சரக்கைச் சோதித்தார்கள். ராட்டர்டாம் வியாபாரியின் பெயருக்கு வரும் தானியம் ரைன் நதி வழியே ஜெர்மனிக்குப் போய்ச் சேருமா என்ற கேள்விக்குப் பீரங்கி விடை சொல்லாது, காகிதமே சொல்லவேண்டும். ஆகையால்தான் டச்சு வணிகர்கள் அவ்வாண்டு நவம்பரில் ஒரு பொறுப்பு நிறுவனத்தை ஏற்படுத்தி, தங்கள் பெயரில் இறங்கும் சரக்கு எதிரிக்குப் போகாது என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். அதிகமாக நெருக்கினால் நடுநிலையாளன் பகைவனாவான். தளர்த்தினால் சரக்கு கசியும். இந்தச் சங்கடம் இல்லாத விளையாட்டில் முற்றுகை இல்லை.

அடுத்தது காலம். சிலி நாட்டு வெடியுப்பு வருவது நின்றதும், ஜெர்மானியர் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அது வெடிமருந்துக்கே போயிற்று, வயலுக்கு எரு இல்லை. உழவனும் குதிரையும் போர்முனைக்குப் போயினர். 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்துப்போக, அந்தக் குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கே நகரத்து ஏழையின் ஆகாரமாயிற்று. முற்றுகை தொடங்கி இரண்டு வருஷங்களுக்குப் பிறகு நேர்ந்த இந்தப் பஞ்சத்தில் கடற்படையின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு, அதிகாரிகளின் தவறு எவ்வளவு என்பதை லண்டனில் இருந்தவர்கள் அன்று பிரித்தறிய முடியவில்லை. ஆட்டக்காரனுக்கும் அது தெரியலாகாது.

அறியாமையையும் ஆட்டத்தின் அங்கமாக்கலாம் என்பதற்கு லிவர்பூலே உதாரணம். பிரிட்டனை நீர்மூழ்கிகளால் பட்டினிபோட ஜெர்மனி முனைந்திருந்த 1942-இல், டெர்பி ஹவுஸ் மாடியில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸும் கடற்படைப் பெண்கள் சிலரும் தரையையே சமுத்திரமாக்கினார்கள். காவற்கப்பல் அதிகாரிகள் கித்தான் திரையின் சிறு துவாரம் வழியாக மட்டுமே அதைப் பார்க்கலாம். காவற்கப்பலின் பாதை வெள்ளைச் சுண்ணக்கட்டியில். நீர்மூழ்கியின் பாதையோ, துவாரத்திலிருந்து பார்த்தால் தரையின் நிறத்தோடு மறைந்துபோகும் பச்சைச் சுண்ணக்கட்டியில். ஒவ்வொரு முறையும் கடலில் இரண்டு நிமிஷம். அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். தளபதியின் கண்ணுக்கு எட்டாததை ஆட்டத்திலும் எட்டாமல் வைத்த அந்த நேர்மையினாலேயே, அங்கே கற்ற பாடங்கள் அட்லாண்டிக்கில் பயன்பட்டன.

மறைக்கவேண்டியதை மறைக்கும் விளையாட்டு, மறைக்கக்கூடாத ஒன்றைக் காட்டியும் ஆகவேண்டும். 1918 நவம்பர் 11-இல் பீரங்கிகள் ஓய்ந்தன. முற்றுகையோ 1919 ஜூலை வரை நீடித்தது. 1914-இல் தொடங்கிய அந்த முற்றுகைக் காலம் முழுவதிலும் பசியாலும் பசி வளர்த்த நோயாலும் மாண்ட ஜெர்மன் குடிமக்கள் சில லட்சம் பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆகவே, முற்றுகையை மெய்யாகச் சித்திரிக்க விரும்புகிறவர்கள் வெற்றி அறிவித்தவுடன் பலகையை மூடிவிடாமல், இன்னும் சில மாதங்கள் ஆட்டத்தை நடத்தட்டும். எதிரியின் துப்பாக்கி கீழே கிடக்கிறது, அவன் வீட்டுப் பானை காலியாக இருக்கிறது என்று இரண்டையும் ஒருங்கே காட்டி, கப்பல்களை எந்த நாளில் திரும்ப அழைப்பது என்ற முடிவை வென்றவனையே எடுக்கச் செய்யட்டும்.