வட்டவளைக்கு ஆயர் எங்கே?

இலங்கை மலையகத்தின் வட்டவளையில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில், இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கத்தோலிக்கக் குடும்பத்தின் ஆயர் கண்டியில் இருக்கிறார். அங்கிலிக்கன் குடும்பத்தின் ஆயர் கொழும்பில் இருக்கிறார். கண்டி நகரத்து அங்கிலிக்கருக்கோ ஆயர் குருநாகலில். மலை ஒன்றுதான், கோடுகள் வேறு. மறைமாவட்டங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது மூத்தது என்றே பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் 1329இல் உருவான கொல்லத்தை இந்தியாவில் எதுவும் மிஞ்சாது. அதைவிட, கோடு யாருடைய வசதிக்காகக் கிழிக்கப்பட்டது என்று கேட்பதே பயனுள்ளது என்பேன்.

இலங்கைக் கத்தோலிக்கர் 1834 வரை கடல் கடந்த கொச்சி மறைமாவட்டத்தின் கீழ் இருந்தனர். அங்கிலிக்கர் முதலில் கல்கத்தாவுக்கும் பின்னர் சென்னைக்கும் கட்டுப்பட்டு, 1845இல்தான் கொழும்பில் ஆயரைப் பெற்றனர். கோடு சென்ற வழி கப்பலும் ஆட்சியும் சென்ற வழிதான். மலையகத்திலும் அப்படியே நடந்தது. கண்டி 1883இல் கொழும்பிலிருந்து பிரிந்தது, 1886இல் மறைமாவட்டமானது. வட்டவளையைக் கடந்து ரயில் ஹட்டனை எட்டியதும் அந்த ஆண்டுகளில்தான். தோட்டத் தமிழருக்கான அங்கிலிக்கன் ஊழியம் 1854இலேயே தொடங்கிவிட்டது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். 1876இல் அந்த ஊழியத்தை யார் மேற்பார்வை செய்வது என்று கொழும்பு ஆயர் கொப்பிள்ஸ்டனுக்கும் அதை நடத்திய மிஷன் சங்கத்துக்கும் மோதல் மூண்டது. சங்கத்து மிஷனரிமாரின் உரிமங்களையே ஆயர் விலக்கிக்கொண்டார். கொழுந்து பறிக்கும் தலைமுறைகளுக்கு முன்பு கோப்பி பறித்த அந்தத் தமிழரின் கருத்தை அந்தச் சண்டையில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1972இல் ஊவா மாகாணத்துக்கென பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார பழைய பெரிய ஆசனத்தை விட்டுவிட்டுத் தாமே பதுளைக்குப் போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆயர் எங்கே குடியிருக்கிறார் என்பது வெறும் முகவரி விஷயமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதனால்தான் நுவரெலியாவிலும் ஓர் ஆயர் ஆசனம் வேண்டும் என்கிறேன். மறைமாவட்டம் நிலத்துக்குரியது, இனத்துக்குரியதல்ல, தமிழருக்கென ஒன்று கேட்டால் பிளவு வளரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் இங்கே கேட்கப்படுவதும் நிலம்தான். வட்டவளை அடங்கிய நுவரெலியா ஒரு முழு மாவட்டம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அதில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அங்கே ஆயர் ஒருவர் இருந்தால் அவர் சிங்கள விசுவாசிகளுக்கும் ஆயரே. கிறிஸ்தவர் தொகை சிறிது, செலவு தாங்காது என்பது அடுத்த வாதம். பதுளையிலும் கத்தோலிக்கர் சிறு தொகையினரே. அந்த மறைமாவட்டம் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. தென்னிந்தியத் திருச்சபையோ 1947இல் யாழ்ப்பாணத்துக்கென ஓர் ஆதீனத்தையே அமைத்தது. திருச்சபையின் தலைமையகம் சென்னையில் இருப்பது அதற்குத் தடையாகவில்லை.

கொல்லத்தைப் போல மலையகம் பழைமை பேச முடியாது. ஆனால் 1854இலிருந்து எண்ணினாலும் 170 ஆண்டுகளாக அங்கே சபைகள் உண்டு. கத்தோலிக்கரோ அங்கிலிக்கரோ, நுவரெலியா மாவட்டத்தில் இன்றுவரை ஓர் ஆயர் ஆசனம்கூட அமைக்கவில்லை.