மீட்டரில் 2.5, பழி சென்சார் மீது

ஃபோர்டு நிறுவனத்தின் 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 1965 முதல் 1996 வரை தயாரானது. எஃப்-150 பிக்கப்பை வைத்துப் பண்ணையிலும் கட்டுமான வேலையிலும் காலம் தள்ளிய அமெரிக்கர்கள் இந்த எஞ்சினின் உழைப்பை இன்றும் மெச்சுகிறார்கள். 1987இல் அதிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியும் வந்து உட்கார்ந்தது. அதற்கு மூன்று ஒயர், ஒரு மெல்லிய ரப்பர் குழாய். பெயர் மேப் சென்சார். எஞ்சின் மூச்சிழுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு என்று சொல்வதுதான் அதன் வேலை.

வண்டி இழுக்கவில்லை, கரும்புகை கக்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது என்றால் முதலில் கழற்றப்படுவதும் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். பாதி நேரம் அதன் மேல் குற்றமே இருப்பதில்லை. சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பார்க்கத் தெரிந்தால் போதும்.

அந்தக் காலத்துப் பெரும்பாலான எஃப்-150களில் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 0.8 லிட்டர். உள்ளே போகும் காற்றின் அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் அதன் எடை தெரிந்துவிடும். பள்ளியில் படித்த வாயு விதிதான். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வெளிக்காற்றின் அழுத்தமே இருக்கும். சிலிண்டர் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால் ஒரு இழுப்புக்குச் சுமார் 1 கிராம் காற்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில், அதற்கு ஏறத்தாழ 67 மில்லிகிராம் பெட்ரோல் வேண்டும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டின் அழுத்தம் 40 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 27 மில்லிகிராம் போதும்.

இப்போது அந்த ரப்பர் குழாய் கழன்றுவிட்டது என்று வையுங்கள். சென்சார் வெளிக்காற்றை அளந்து 100 கிலோபாஸ்கல் என்கிறது. அது கண்டது உண்மைதான், ஆனால் மேனிஃபோல்டை அல்ல. கம்ப்யூட்டர் அதை நம்பி, ஓட்டுநர் முழுதாக மிதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு தேவையைப் போல் இரண்டரை மடங்கு பெட்ரோலைக் கொட்டுகிறது. கரும்புகை வராமல் என்ன செய்யும்? முற்றிலும் செத்துப்போன சென்சாரைக்கூடச் சமாளித்துவிடலாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு, த்ராட்டில் திறப்பை வைத்து ஒரு மதிப்பீட்டில் ஓட்டும். நம்பும்படியாகத் தவறான எண்ணைச் சொல்லும் சென்சார்தான் அதிகத் தொல்லை.

அமெரிக்காவில் கார்களுக்கும் இலகு பிக்கப்புகளுக்கும் ஒரே மாதிரியான சோதனை இணைப்பு கட்டாயமானது 1996 மாடலிலிருந்துதான். அதற்கு முந்தைய ஃபோர்டுகளில், பானெட்டுக்குள் இருக்கும் ஒரு இணைப்பில் இரண்டு முனைகளைச் சிறு ஒயரால் சேர்த்தால் எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டி எண் சொல்லும். இரண்டு சிமிட்டல், சற்று இடைவெளி, மீண்டும் இரண்டு என்றால் 22. அழுத்த சென்சாரிடமிருந்து வரும் தகவல் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. ஒயர் அறுந்தாலும் இதே 22 வரலாம், இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறினாலும் வரலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குழாயை. முப்பது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் முனைகளில் வெடித்திருக்கும், எண்ணெய் பட்டு ஊறிப்போயிருக்கும், அல்லது உள்ளே அடைத்திருக்கும். கழற்றி வளைத்துப் பார்த்தால் வெடிப்பு கண்ணுக்கே தெரியும். அடுத்தது மின்சாரம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, மூன்று ஒயரில் ஒன்றில் கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட் வருகிறதா, இன்னொன்று நல்ல எர்த்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் சரியில்லை என்றால் எத்தனை புது சென்சார் மாட்டினாலும் பயனில்லை.

மூன்றாவது ஒயரில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிக்கப்பில் பழகிய மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இந்த ஒயரைத் தொடுகிறார். செவர்லேயில் கடல்மட்ட ஊரில் சாவியைத் திருப்பினால் 4.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் ஒன்று, ஒன்றரைக்கு இறங்கும். ஃபோர்டில் 2.5 காட்டுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார். அதே 2.5. ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்க்கிறார். எண் அசையவில்லை. ‘சென்சார் போச்சு’ என்று புதியது வாங்கி மாட்டுகிறார். அதுவும் 2.5தான் காட்டும்.

கோளாறு சென்சாரில் இல்லை, கேட்ட கேள்வியில் இருக்கிறது. ஃபோர்டு சென்சார் அழுத்தத்தை வோல்ட்டாகச் சொல்வதில்லை, துடிப்பாகச் சொல்கிறது. ஒயரில் 5 வோல்ட், பூஜ்யம், 5 வோல்ட், பூஜ்யம் என்று மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஏறத்தாழச் சம நேரம் இருப்பதால் டிசி மீட்டர் சராசரி எடுத்து 2.5 என்கிறது. பதினைந்து நாள் விரதமும் பதினைந்து நாள் விருந்துமாக இருந்தவரைத் தினமும் அரை வயிறு சாப்பிட்டார் என்று கணக்கெழுதுவதைப் போலத்தான் இது. அழுத்தம் மாறினால் மாறுவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டுமே. இணைப்பைக் கழற்றாமல் மீட்டரின் ஊசியைப் பின்பக்கமாக நுழைத்தபடியே குமிழை ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால், அதே ஒயரில் 159 என்று எண் நிற்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 109ஐ ஒட்டி இறங்கும்.

இரண்டு நிறுவனங்களும் ஒரே வேலைக்கு வேறு வேறு இயற்பியலைக் கையில் எடுத்தன. செவர்லே சென்சாருக்குள் இருப்பது, வளைந்தால் மின்தடை மாறும் சிலிக்கான் சவ்வு. சிலிக்கானுக்கு அந்தக் குணம் மிக வலுவாக இருக்கிறது என்பதை 1954இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் அறிவித்தார். ஃபோர்டு எடுத்துக்கொண்டது மின்தேக்கியை. அடைத்த வெற்றிடத்தின் மேல் ஒரு மெல்லிய சவ்வு. காற்று அதை அழுத்தினால் இரு தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மாறும், தேக்குத்திறன் மாறும், அதற்கேற்பச் சுற்றின் துடிப்பும் மாறும். என்னைக் கேட்டால் ஃபோர்டு வழி நேர்த்தியானது. பழைய ஒயரிலும் துருப்பிடித்த முனையிலும் கொஞ்சம் வோல்ட் தொலைந்தாலும் துடிப்பின் எண்ணிக்கை குறையாது. கம்ப்யூட்டருக்கு எண்ணினால் போதும்.

எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டில் இருப்பது அந்த ஊரின் காற்றழுத்தமேதான். ஆக, சாவியைத் திருப்பிய நொடியில் அந்த பிக்கப் ஒரு காற்றழுத்தமானி ஆகிவிடுகிறது. 1648 செப்டம்பரில் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரன் பெரியே பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு பிரான்சின் புய் த டோம் மலையில் ஏறி, உயரம் கூடக்கூட பாதரசம் இறங்குவதைக் காட்டினார். அதே சோதனையை இந்தச் சிறு பெட்டி ஒவ்வொரு முறையும் செய்கிறது. கடல்மட்டத்தில் 159 ஹெர்ட்ஸ் என்றால், 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் 143ஐ ஒட்டி வரும். அங்கே 159ஐ எதிர்பார்ப்பவர் நல்ல சென்சாரைக் கழற்றி எறிவார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலை அறிக்கையில் சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்திய கணக்கு. டென்வர்க்காரருக்கு டிவி 30 பாதரச அங்குலம் என்று சொல்லும். அவர் வீட்டு வாசலில் உண்மையில் இருப்பது 24.6தான். சென்சார் சொல்வது வாசலில் இருப்பதை.

ஒரு எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மாற வேண்டிய அளவுக்கு மாறவும் வேண்டும். அதற்குக் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப். சென்சாரின் மூக்கில் அதன் குழாயைச் செருகி, பிடியை மெல்ல அழுத்தினால் மீட்டரில் எண் இறங்கத் தொடங்கும். 6 அங்குலம் உறிஞ்சினால் 141, 12க்கு 125, 18க்கு 109. இவை கடல்மட்டக் கணக்குகள். தாவாமல், திக்காமல் இறங்க வேண்டும். 18இல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் பம்பின் முள் அங்கேயே நிற்க வேண்டும். தானாக இறங்கினால் பெட்டிக்குள் கசிவு. விரலால் பெட்டியைத் தட்டும்போது எண் குதித்தாலும் சந்தேகப்படலாம். சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு, முடி உலர்த்தும் டிரையரால் சற்றுச் சூடேற்றி மறுபடி பார்க்கிறார்கள்.

இத்தனையிலும் தேறிய சென்சார் எஞ்சின் ஓடும்போது மட்டும் 125 என்று உயர்த்திச் சொன்னால்? நம்புங்கள். எஞ்சின் சரியாக மூச்சிழுக்கவில்லை. எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம், வால்வு கருகியிருக்கலாம், டைமிங் பின்தங்கியிருக்கலாம். சாதாரண வேக்குவம் கேஜ் ஒன்றை மேனிஃபோல்டில் மாட்டினால் அதுவும் அதையே சொல்லும். நோயைச் சொன்ன சென்சாரை மாற்றினால் நோய் அப்படியே இருக்கும்.

இது அமெரிக்க பிக்கப்போடு முடிகிற விஷயம் அல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் இங்கே விற்கும் பைக்குகள் பலவற்றில் இதே அழுத்த சென்சார் இருக்கிறது. சென்னையின் 101 கிலோபாஸ்கலிலிருந்து ஊட்டியின் 77க்கு ஏறும்போது பெட்ரோலைக் குறைக்க அதுதான் உதவுகிறது. ‘சென்சார் போச்சு, மாத்தணும்’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பணம் எடுக்கும் முன் மூன்று அளவைக் காட்டச் சொல்லுங்கள்: ஒயரில் 5 வோல்ட் வருகிறதா, எஞ்சின் ஓடாதபோது சென்சார் அந்த ஊரின் அழுத்தத்தைச் சொல்கிறதா, உறிஞ்சும்போது எண் இறங்குகிறதா. மூன்றும் சரி என்றால் பழைய சென்சாரையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு, கோளாறை வேறு இடத்தில் தேடச் சொல்லுங்கள்.