எங்கள் ஊரை நாடாளுமன்றத்தில் எப்படிச் சொல்வது?

ஒன்பதாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மக்களவை, மாநிலங்களவை, உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "மிஸ், நம்ம ஊர் பேர் பார்லிமென்டுல எப்பவாவது வந்திருக்கா?"

வகுப்பு சிரித்தது. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. வில்லியனூர் கொம்யூனில் கீழூர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றுகிறார்கள். பெரியவர்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். அந்தப் பேச்சு டில்லி வரை போகிறதா என்பதுதான் அவன் கேள்வி. "வந்திருக்கும்ப்பா" என்று பொதுவாகச் சொல்லி அன்று சமாளித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு தேடிப் படித்ததையும், அதை வைத்து வகுப்பில் செய்து பார்த்த ஒரு பயிற்சியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, இந்தியாவுடன் இணைவது குறித்து வாக்களித்தார்கள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மூன்றே நாளில், அக்டோபர் 21 அன்று, இரு நாடுகளும் டில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 வரை ஆயிற்று. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்ட பிறகே இணைப்பு சட்டபூர்வமானது. அதே ஆண்டில் நம் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தை நிறைவேற்றிப் புதுச்சேரியை ஒன்றியப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கிராமத்தில் எடுத்த முடிவை இரண்டு நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஏற்றுப் பதிவு செய்திருக்கின்றன. நம் ஊருக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் அதுதான். பிற்காலத்தில் நம் பெயரையும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி மாற்றியது. 2006 அக்டோபர் 1 முதல் 'பாண்டிச்சேரி' அதிகாரபூர்வமாகப் 'புதுச்சேரி' ஆயிற்று.

சட்டம் என்பது எப்போதாவது நடப்பது. ஒரு ஊரின் சாதனையையோ நினைவு நாளையோ உறுப்பினர்கள் அவையில் பதிவு செய்ய அன்றாட வழிகள் உண்டா? உண்டு. மாணவர்களுக்கு அவற்றை நான்கு வாசல்கள் என்று விளக்கினேன்.

முதல் வாசல், அவைத் தலைமையின் வழியாக. மறைந்த உறுப்பினர்களுக்கு இரங்கல் குறிப்பை மக்களவையில் சபாநாயகரும் மாநிலங்களவையில் அவைத்தலைவரும் வாசிப்பார்கள். உறுப்பினர்கள் எழுந்து மௌனமாக நிற்பார்கள். பாராட்டும் இதே வழியில் வருவதுண்டு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களை மக்களவை இப்படித்தான் வாழ்த்தியது. அவை முழுவதும் சேர்ந்து சொல்வதாகக் கருதப்படுவதால் இதற்கு மதிப்பு அதிகம். அதே காரணத்தால் எளிதில் கிடைக்கவும் கிடைக்காது.

இரண்டாம் வாசல், பூஜ்ஜிய நேரம். விதிப் புத்தகத்தில் இந்தப் பெயர் கிடையாது. வழக்கத்தில் உருவானது. உறுப்பினர் முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து, வாய்ப்பு கிடைத்தால் சில நிமிடங்கள் பேசலாம்.

மூன்றாம் வாசல், எழுதிக் கொடுத்து வாசிப்பது. மக்களவையில் இதற்கு விதி 377. மாநிலங்களவையில் சிறப்புக் குறிப்பு. சிறப்புக் குறிப்பின் உரை 250 சொற்களைத் தாண்டக் கூடாது. அனுமதி பெற்ற உரையைத்தான் வாசிக்க வேண்டும். அதே கருத்துடைய மற்ற உறுப்பினர்கள் "நானும் இதில் இணைகிறேன்" என்று சொல்லித் தங்கள் பெயரையும் பதிவு செய்யலாம்.

நான்காம் வாசல், தனிநபர் தீர்மானம். அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் வெள்ளிக்கிழமைகளில் நேரம் ஒதுக்கப்படுகிறது. நாடே நினைவுகூர வேண்டிய நாளாக இருந்தால், அரசும் கட்சிகளும் கலந்து பேசிச் சிறப்பு விவாதமே நடத்துவதும் உண்டு. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் 75ஆம் ஆண்டையொட்டி 2017 ஆகஸ்ட் 9 அன்று அப்படி ஒரு விவாதம் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "வெறுமனே பாராட்ட மட்டும் முடியாதா மிஸ்?" நல்ல கேள்வி. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் முடியும். அங்கே ஓர் உறுப்பினர் தன் தொகுதியிலுள்ள பள்ளியையோ நூலகத்தையோ கால்பந்துக் குழுவையோ பாராட்டி, ஒரே வாக்கியமாக, 250 சொற்களுக்குள் ஒரு முன்மொழிவை எழுதிப் பதிவு செய்யலாம். அது பெரும்பாலும் விவாதத்துக்கு வராது. உடன்படுகிற உறுப்பினர்கள் கையெழுத்திடுவார்கள், அவ்வளவுதான். கனடாவில் கேள்வி நேரத்துக்கு முன்பு உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுகிறார்கள். 2016 அக்டோபரில் அந்நாட்டு மக்களவை, ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் தமிழரான உறுப்பினர் கேரி ஆனந்தசங்கரி.

நம் அவைகளில் ஓர் ஊரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஒரு கோரிக்கையோடு சேர்ந்தே போகிறது. இந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும், இவருக்கு அஞ்சல்தலை வெளியிட வேண்டும், இந்தக் கைத்தொழிலுக்கு உதவி வேண்டும் என்று முடியும். இதில் தவறில்லை. ஆனால் கோரிக்கைக்கு முன்னால் வருகிற நான்கு வாக்கியங்கள்தான் ஊரின் கதை. அவற்றை யார் எழுதித் தருகிறார்கள்?

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து இருவர்தான். ஒவ்வொரு கிராமத்தின் வரலாறும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊர்க்காரர்கள் சரியான தகவலைச் சரியான அளவில் தயாராக வைத்திருந்தால்தான் அது அவைவரை போகும். இந்தத் திறனை நம் வகுப்பறையில் வளர்க்க முடியும் என்று தோன்றியது.

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழுவுக்குக் கீழூர். ஒரு குழுவுக்கு வில்லியனூர் சுடுமண் கைவினை. ஒரு குழுவுக்குப் பாகூர். நாடாளுமன்றத்தில் வாசிப்பதற்கான குறிப்பு ஒன்றை 150 சொற்களுக்குள் எழுத வேண்டும். (தமிழில் சொற்கள் சேர்ந்து வருவதால் அளவைக் குறைத்தேன்.)

முதல் வரைவுகள் வந்தன. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. "பழம்பெருமை வாய்ந்த", "உலகப் புகழ்பெற்ற", "வீரம் விளைந்த மண்". ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. மேடைப் பேச்சில் நாம் கற்றுக்கொடுத்த மொழி அதுதானே! சிவப்பு மையால் அத்தனை அடைமொழிகளையும் அடிக்கச் சொன்னேன். அடித்து முடித்தபோது கீழூர்க் குழுவின் தாளில் மூன்று வரிகள்தான் மிஞ்சின.

இரண்டாம் வரைவில்தான் உண்மையான வேலை தொடங்கியது. கீழூர்க் குழுவில் ஒரு சண்டை. "170 பேர் ஆதரவாக வாக்களித்தனர்" என்று எழுதியிருந்தார்கள். "அந்த எட்டுப் பேரையும் எழுதணுமா மிஸ்? எழுதினா நம்ம ஊருக்குப் பெருமை குறையாதா?" என்றான் ஒருவன். இன்னொரு மாணவி நிமிராமலே சொன்னாள்: "எழுதலைன்னா 178 கணக்கு எப்படி வரும்?" அதோடு விவாதம் முடிந்தது. எதிர்த்து வாக்களிக்க இடம் இருந்ததால்தான் அந்த 170க்கு மதிப்பு என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுடுமண் குழு வேறொரு இடத்தில் தடுமாறியது. வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இக்கலைஞரான வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இரண்டையும் "நாடாளுமன்றம் வழங்கியது" என்று எழுதிவிட்டார்கள். புவிசார் குறியீட்டுக்கான சட்டத்தை 1999இல் இயற்றியது நாடாளுமன்றம். குறியீட்டைப் பதிவு செய்வது சென்னையிலுள்ள பதிவகம். பத்ம விருதை வழங்குபவர் குடியரசுத் தலைவர். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் குறிப்பிடுவது விருதும் அல்ல, உரிமையும் அல்ல. அவைக் குறிப்பில் ஏறும் ஒரு பதிவு. யார் எதைத் தருகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல ஒரு பாடவேளை தேவைப்பட்டது. தேர்வுக்கும் அது பயன்பட்டது.

அந்தக் குழுவில் தொழில் பற்றிய விவரம் ஒன்றுமே இல்லை. "எப்படிச் செய்றாங்கன்னு ஒரு வரியாவது வேணுமே" என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு, ஆண்டு முழுவதும் அதிகம் பேசாத ஒரு மாணவி சொன்னாள்: "நிழல்லதான் காய வைக்கணும் மிஸ். வெயில்ல வச்சா வெடிச்சுடும். எங்க வீட்டுல அப்படித்தான் செய்வாங்க." அவள் வீட்டில் மண் வேலை செய்கிறார்கள் என்பது அதுவரை எனக்கும் தெரியாது, வகுப்புத் தோழிகளுக்கும் தெரியாது. அந்த வரி குறிப்பில் ஏறியது. அடுத்த இரண்டு நாள் அந்தக் குழு அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. குறிப்பில் நான்கு விடைகள் இருக்க வேண்டும்: எது நடந்தது, எப்போது, யார் செய்தது, இப்போது என்ன கேட்கிறோம்.

2. ஒவ்வொரு ஆண்டுக்கும் எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று மாணவர் எழுத வேண்டும். கிடைத்த இடம் சொல்ல முடியாத எண்ணை நீக்கிவிடலாம்.

3. கோரிக்கை யாருக்குரியது என்று பார்க்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு கொம்யூன் பஞ்சாயத்துக்குரியது. அதை நாடாளுமன்றத்தில் கேட்க முடியாது. இந்த ஒரு கேள்வியிலேயே உள்ளாட்சி, சட்டப்பேரவை, நாடாளுமன்றம் மூன்றின் பணிகளும் விளங்கிவிடும்.

4. கட்சிப் பெயர் எதுவும் வர வேண்டாம். குறிப்பை உறுப்பினருக்கு அனுப்ப விரும்பினால் தலைமையாசிரியர் வழியாகவே அனுப்புங்கள்.

5. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைச் சுருக்கி, "எங்கள் ஊரைப் பற்றி ஐந்து உண்மைகள்" என்று செய்யலாம். நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் தன் ஊர் ஏரியின் பெயர் தெரியும்.

எங்கள் குறிப்புகளை உடனே டில்லிக்கு அனுப்பவில்லை. அக்டோபர் 18 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்தோம். அவையில் நடப்பதுபோல, உடன்படும் மாணவர்கள் எழுந்து "நானும் இதில் இணைகிறேன்" என்று பெயர் சொல்ல, அவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். மண் வேலை பற்றிய குறிப்புக்குத்தான் அதிகம் பேர் எழுந்தார்கள்.

பாகூர்க் குழுவின் குறிப்பைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், ஒரு தலைவரின் வேண்டுகோளை ஏற்று, பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கேட்டவர் யார், கொடுத்தவர் யார், எந்த ஊர்கள், யாருக்கு என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அந்தக் குழுவின் தலைவன் என்னிடம் வந்தான். "மிஸ், நீங்க சொன்ன நாலு கேள்விக்கும் இதுல பதில் இருக்கு" என்றான். முதல் நாள் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி கேட்டவன் அவன்தான்.