பக்கத்து ஸீட்டுக்காரர்

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும் நண்பன் ஒருவன் இருக்கிறான். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி நூறடி போனபிறகு, ‘‘லெஃப்ட்டுடா!’’ என்று தோளில் தட்டுவான். டெட் ஸிஸ்மோரைப் பற்றிப் படித்ததும் இந்த மகானுபாவன் ஞாபகம்தான் வந்தது.

ஸிஸ்மோர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் நேவிகேட்டர். விமானம் ஓட்டியவரில்லை, ஓட்டுகிறவருக்கு வழி சொன்னவர். சினிமாவில் இந்த ஆசாமிகளுக்கு டயலாக்கே கிடையாது.

அவர் பறந்தது ‘மாஸ்கிட்டோ’வில். பெரும்பாலும் மரத்தால் செய்த விமானம். உள்ளே இரண்டே பேர். நேவிகேட்டரின் சொத்து, மடியில் ஒரு மேப், பென்சில், கடிகாரம். ரேடாருக்குத் தப்ப மரங்களை உரசுகிற மாதிரி தாழப் பறக்க வேண்டும். மணிக்கு 300 மைல் என்றால் நிமிஷத்துக்கு 5 மைல். மேப்பில் பார்த்த சர்ச் எங்கேயென்று தலை நிமிர்வதற்குள் சர்ச் பின்னால் போயிருக்கும்! திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், 60 மைல் தள்ளிப் போகும்போது ஒரு மைல் விலகியிருப்பீர்கள். என் நண்பன் அந்த ஸீட்டில் இருந்திருந்தால் பெர்லினுக்குப் பதில் பாரீஸ்தான்.

1943 ஜனவரி 30. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து 10 வருஷம். பெர்லினில் பகல் 11 மணிக்கு கோயரிங் ரேடியோவில் முழங்குவதாக ஏற்பாடு. சரியாக 11-க்கு மூன்று மாஸ்கிட்டோக்கள் வந்து குண்டு போட்டன. முழக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. தலைமை விமானத்தில் வழி சொன்னவர் ஸிஸ்மோர். அதற்கு டி.எஃப்.சி. பதக்கம். அதே வருஷம் மே மாதம் யேனா நகர ஜெய்ஸ் லென்ஸ் தொழிற்சாலைத் தாக்குதலுக்கு டி.எஸ்.ஓ. போர் முடிவதற்குள் டி.எஃப்.சி.க்கு இரண்டு ‘பார்’. (அதே பதக்கம் மறுபடி கிடைத்தால் இன்னொன்று தரமாட்டார்கள், ரிப்பனில் ஒரு பட்டை சேர்ப்பார்கள். சிக்கனம்!) டென்மார்க் தன் பங்குக்கு டான்னெப்ரோ விருது கொடுத்தது.

அந்த டென்மார்க் விஷயத்தில்தான் என்னால் லேசில் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

கோபன்ஹேகனில் ஷெல் ஹவுஸ் என்ற கட்டடம், கெஸ்டபோவின் தலைமையகம். உள்ளே ரகசிய எதிர்ப்பியக்கத்தாரைப் பற்றிய ஃபைல்கள். மேல் மாடியில் கைதிகள், குண்டு போடாமலிருக்கக் கேடயமாக. இருந்தும், ‘‘போடுங்கள்’’ என்று கேட்டவர்கள் அதே இயக்கத்துக்காரர்கள். 1945 மார்ச் 21-ந் தேதி மூன்று அலைகளாக 18 மாஸ்கிட்டோக்கள் வந்தன. முதல் விமானத்தில் ஸிஸ்மோர். வட கடல் காற்றில் உப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணாடியெல்லாம் மங்கல். ஆனாலும் அவர் கணக்கு தப்பவில்லை. ஷெல் ஹவுஸ்தான் அடி வாங்கியது. மேல்மாடிக் கைதிகள் 26 பேரில் 18 பேர் தப்பினார்கள்.

ஆனால் முதல் அலையிலேயே ஒரு மாஸ்கிட்டோ, ரயில்வே யார்டின் உயரமான விளக்குக் கம்பத்தில் இடித்து, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே விழுந்து எரிந்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ழான் தார்க் பள்ளிக்கூடம். பின்னால் வந்தவர்களில் பலர் அந்தப் புகையைக் குறியென்று நினைத்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் என்பது அந்த வேகத்தில் பத்துப் பதினோரு செகண்டு, ஸார்! யோசிக்க எங்கே நேரம்?

86 குழந்தைகள் செத்துப்போனார்கள்.

2021-ல் டென்மார்க்கில் இதைப் படமாக எடுத்தார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ‘யுத்தப் படம்தானே’ என்று போட்டேன். பள்ளிக்கூடக் காட்சியில் நிறுத்திவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் போர்வையைச் சரிசெய்து வந்தேன். மிச்சத்தை இன்னும் பார்க்கவில்லை.

ஸிஸ்மோரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வழி சரி, குண்டும் சரி. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து எப்படி வழி சொல்வான்? ஆனால் டென்மார்க் கொடுத்த விருது என்று படிக்கும்போது, கொடுத்த கைகளில் எத்தனை அப்பா, அம்மாக்களின் கை இருந்திருக்கும் என்ற நினைப்பும் போகமாட்டேன் என்கிறது.

ஸிஸ்மோர் ஏர் கமோடோராக ரிடையராகி, 2012-ல் 90 வயதில் காலமானார். ஷெல் ஹவுஸ் இருந்த இடத்தில் புதுக் கட்டடம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை மட்டும் அங்கே மறுபடி கட்டவில்லை. இப்போது அந்த இடத்தில் ஃப்ளாட்டுகள். தெருவோரம் ஒரு நினைவுச் சின்னம்.