ஓர் அம்புலன்சுக்கு எத்தனை பேர் வேண்டும்?



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். இஷொயில் ஓர் அம்புலன்ஸ் இரவும் பகலும் தயாராக நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். அப்படியானால் மொத்தம் எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? "நாலு பேர்", "சரி, ஆறு பேர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

கிழமைக்கு 168 மணித்தியாலம். இரண்டு பேர் என்றால் 336. இந்த நாட்டில் முழுநேர வேலை கிழமைக்கு 37 மணித்தியாலம். பிரித்துப் பாருங்கள், ஒன்பதுக்குச் சற்று மேலே வரும். வருடத்தில் ஆறு கிழமை விடுமுறையைக் கழித்தால் பத்தைத் தாண்டும். அதற்கு மேல் காய்ச்சல், பிள்ளைப்பேற்று விடுப்பு, பயிற்சி நாட்கள். ஆகக் குறைந்தது பதினொரு பேர், அதுவும் ஒரேயொரு வண்டிக்கு! வண்டியைக் காசு கொடுத்து அடுத்த மாதமே வாங்கலாம். அந்தப் பதினொரு பேரை உருவாக்க வருடங்கள் எடுக்கும்.

நான் அவசரப் பிரிவில் வேலை செய்யும் தாதி. அம்புலன்சில் வருபவர்கள் நோயாளியை எங்கள் கையில்தான் ஒப்படைப்பார்கள். அவர்களிடம் ஆள் குறைந்தால் அது எங்களுக்கு அன்றைக்கே தெரியும், எங்களிடம் ஆள் குறைந்தால் அவர்களுக்கும் தெரியும். வெளியில் இருப்பவர்களுக்கோ தங்கள் வீட்டில் ஒருவர் விழும் நாள்வரை தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை டென்மார்க் ஒருமுறை கண்ணாரக் கண்டது. இங்கேயல்ல, தென் டென்மார்க் பிராந்தியத்தில். ஓடென்சே பல்கலைக்கழக நகரம், மாணவர்கள் நிறைந்த ஊர். அந்த ஊரும், பியூன் தீவு முழுவதும், நம்மவர்கள் பலர் குடியிருக்கும் வைலெ, கோல்டிங் பக்கமும் அந்தப் பிராந்தியத்துக்குள் வரும். அங்கே காலங்காலமாக அம்புலன்ஸ் என்றால் பால்க் நிறுவனம்தான். 1884இல் கிறிஸ்டியன்ஸ்போர்க் மாளிகை எரிந்ததை நேரில் பார்த்த சோபஸ் பால்க் என்பவர், அந்த அனுபவத்தை மனதில் வைத்து 1906இல் கோப்பன்கேகனில் தொடங்கிய மீட்புச் சேவை அது. வீதியில் கார் நின்றுபோனாலும் "பால்க்கைக் கூப்பிடு" என்று சொல்லும் அளவுக்கு டேனிஷ்காரர் வாயில் ஊறிப்போன பெயர்.

2014இல் பிராந்தியம் கேள்விப்பத்திரம் கோரியது. பியோஸ் என்ற ஒல்லாந்து நிறுவனம் பெரும் பகுதியை வென்றது. ஒப்பந்தம் கையில் இருந்தது, வண்டிகளும் வந்தன. பழைய நிறுவனத்தின் ஆட்கள் பெருமளவில் தங்களிடம் வந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை. 2015 செப்டெம்பர் 1ஆம் திகதி வேலை தொடங்கியபோதே ஆட்கள் போதவில்லை. இருந்தவர்கள் மேலதிக நேரம் செய்தார்கள். நிலையத்தில் வண்டி நிற்கும், ஏறுவதற்கு ஆள் இருக்காது. 2016 யூலையில் பியோஸ் வங்குரோத்தானது. பிராந்தியம் தானே பொறுப்பெடுத்து "அம்புலன்ஸ் சூட்" என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பால்க் ஊழியர்கள் பியோசுக்குப் போகாமல் தடுப்பதற்காகப் பால்க் திரைமறைவில் ஒரு பிரசாரம் நடத்தியது என்று டென்மார்க்கின் போட்டிச் சபை 2019 யனவரியில் தீர்ப்பளித்தது. பியோசைப் பற்றி மோசமான செய்திகள் பரவவேண்டும், அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க ஊழியர்கள் பயப்படவேண்டும், ஆனால் பின்னால் இருப்பது யாரென்று தெரியக்கூடாது. இதுதான் திட்டம். புதிய நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இரண்டு நிறுவனங்களின் சண்டை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எதிராளியை விழுத்த வேண்டும் என்றால் அவனுடைய வண்டியின் காற்றைப் பிடுங்கத் தேவையில்லை, அவனிடம் ஆட்கள் போகாமல் பார்த்தால் போதும் என்று அந்தத் தொழிலில் பழுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. விலையை ஒப்பிட்டு ஒப்பந்தம் கொடுத்தவர்கள்தான் அதைக் குறைவாக மதித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இஷொய் இருக்கும் தலைநகரப் பிராந்தியமும் பக்கத்திலுள்ள சீலண்ட் பிராந்தியமும் 2027 யனவரி 1ஆம் திகதி ஒன்றாகின்றன. அம்புலன்சை யார் ஓட்டுவது, எத்தனை பேரோடு ஓட்டுவது என்ற பேச்சு இங்கும் வரத்தான் போகிறது. வாக்குரிமை உள்ள தம்பி தங்கைகள் அப்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

தீயணைப்பின் நிலைமை வேறு மாதிரி. பெரிய நகரங்களுக்கு வெளியே தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலானோர் பகுதிநேரக்காரர். பகலில் அவர் தச்சராக இருப்பார், கடை நடத்துபவராக இருப்பார், ஆசிரியராகவும் இருப்பார். இடுப்பில் உள்ள கருவி அடித்ததும் போட்டதைப் போட்டபடி நிலையத்துக்கு ஓடுவார். அழைப்பு வந்து ஐந்து நிமிடத்துக்குள் வண்டி புறப்பட வேண்டும் என்பது விதி. ஐந்து நிமிடத்தில் வந்து சேர வேண்டுமானால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடும் வேலையும் இருக்க வேண்டும். இன்றைக்கு யாருக்கு அப்படி அமைகிறது? நம் வீடுகளையே பாருங்கள். இஷொயில் படுத்து எழும்பி, காலையில் எஸ்-ரயிலில் கோப்பன்கேகனுக்குப் போய், பின்னேரம்தான் திரும்புகிறோம். இரவில் ஆள் கிடைக்கும், பகலில் கிடைக்காது. மாணவர்கள் நிறைந்த ஊர்களில் இன்னொரு சிக்கல். சனத்தொகை கூடும், வெள்ளி இரவு அழைப்புகளும் கூடும். ஆனால் மாணவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் ஊர்விட்டுப் போவார்கள் என்பதால் அவர்களை நம்பி ஆள் சேர்ப்பது கடினம்.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தத் தீயணைப்புப் படை உண்டு. அங்கே மாணவர்கள் சிலர் பயிற்சி பெற்று நிலையத்திலேயே தங்கிப் படிக்கிறார்கள். மணி அடித்தால் புத்தகத்தை மூடிவிட்டு வண்டியில் ஏறுவார்கள். நான் படித்த காலத்தில் இப்படி இலவச அறை கிடைத்திருந்தால் யோசித்திருப்பேன்!

சம்பளக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பாடசாலையிலிருந்தே கேட்கிறோம். அதில் வரும் சத்திரக்காரனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சமாரியன் மறுநாள் தன் வழியே போய்விட்டான். காயப்பட்டவனை அதற்குப் பிறகு பார்த்தவன் சத்திரக்காரன். கவனியுங்கள், அவனுக்கு முன்பணமும் கொடுக்கப்பட்டது, மேலே செலவானால் தருவதாக வாக்கும் கொடுக்கப்பட்டது. "இது ஊழியம்தானே, சம்பளத்தை ஏன் கேட்கிறாய்" என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. 2021 யூனில் டென்மார்க் தாதிமார் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது எங்களில் பலர் அந்தக் கேள்வியை உறவினர் வாயிலிருந்தே கேட்டோம். ஒகஸ்ட் இறுதியில் பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. ஆனால் போதிய ஆள் இல்லாத வார்டில் வேலை செய்யச் சட்டம் போட்டாலும் ஆள் வராது. பலர் வேறு வேலை தேடிப் போனார்கள். 2023 டிசெம்பரில்தான் அரசாங்கம் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து, தாதிமார் உட்படச் சில தொழில்களின் சம்பள உயர்வுக்காக 680 கோடி குரோனர் ஒதுக்க ஒத்துக்கொண்டது.

இனி நம் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். டொக்டர், என்ஜினியர், ஐ.டி. நம் பெற்றோரின் பட்டியல் இவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை. தொழிற்சாலையில் நின்று நம்மைப் படிக்க வைத்தவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் "மகன் அம்புலன்சில் வேலை செய்கிறான்" என்று ஒரு கலியாண வீட்டில் சொல்ல எத்தனை அம்மாமார் தயங்காமல் இருப்பார்கள்? இந்த நாட்டில் அது சாரதி வேலை அல்ல. தொழிற்கல்வி வழியாகச் சில வருடங்கள் படிக்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே பயிலுநர் சம்பளம் உண்டு. பிறகு அனுபவத்தோடு பரமெடிக் ஆகலாம். தாதிப் படிப்பு மூன்றரை வருடம். தமிழ் தெரிந்த ஒருவர் அந்த வண்டியில் வந்து இறங்கினால், நம் ஐயாமார் அம்மாமார் முகத்தில் வரும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். ஊரிலும் இந்த மதிப்பு வளர்கிறது. இந்திய உதவியோடு 2016இல் இலங்கையில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. அங்கே அந்த இளைஞர்களைச் சனம் மரியாதையோடுதான் பார்க்கிறது.

ஆள் குறைவாக இருக்கும் காலத்தில் 112ஐ எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். நம் சனம் இரண்டு விதமாகத் தவறுகிறது. ஒன்று, கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடுவதில்லை. ஐயாவுக்கு நெஞ்சு நோகும், வியர்க்கும், இடது கை உளையும். "வாய்வு" என்று இஞ்சிச் சோடா குடித்துவிட்டுப் படுப்பார். அம்மா முதலில் மகனுக்கு அடிப்பார், மகன் கூட்டத்தில் இருப்பான், பிறகு மகளுக்கு. அரை மணித்தியாலம் போய்விடும். தெற்காசியர்களான நமக்கு இருதய நோயும் நீரிழிவும் மற்றவர்களைவிட இளமையிலேயே வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். இப்படியான நோவுக்கு முதல் அழைப்பு 112 தான். இரண்டாவது, காத்திருக்கக்கூடிய காய்ச்சலுக்கும் 112 அடிப்பது. அதற்குக் குடும்ப வைத்தியர் இருக்கிறார், அவர் இல்லாத நேரத்தில் நம் பிராந்தியத்தில் 1813 இருக்கிறது.

112இல் முதலில் எடுப்பவர் எங்கே, என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, நோய் என்றால் இன்னொருவருக்கு மாற்றுவார். அந்த இடைவெளியில் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பலர் வைத்துவிடுகிறார்கள். வைக்கக் கூடாது. அடுத்து வருபவர் அநேகமாகத் தாதி அல்லது பரமெடிக். அவர் கேள்வி கேட்கும்போதே வண்டி புறப்பட்டிருக்கலாம். "கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள்" என்ற கோபம் தேவையில்லை.

வண்டி வரும்வரை உள்ள நிமிடங்கள் நம்முடையவை. இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டென்மார்க் 2005 முதல் பள்ளிக்கூடத்திலும், 2006 முதல் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அழுத்தியது 2001இல் சுமார் 21 சதவீதத்தினருக்கு. 2010இல் அது சுமார் 45 சதவீதம். முப்பது நாட்களின் பின்னும் உயிரோடு இருந்தவர்கள் அதே காலத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் சாதாரண மனிதரின் கைகளும் அதில் ஒன்று. டிரிக் நிதியத்தின் "யேர்டலூபர்" செயலியில் பதிந்துகொண்டால், பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றதும் உங்கள் தொலைபேசிக்கு அழைப்பு வரும். சிலர் நேரே ஓடுவார்கள், சிலர் வழியில் அதிர்வுக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம்.

கடைசியாக, வைலெஓபார்க்கன் போன்ற மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு. வீட்டு விலாசம், எத்தனையாம் மாடி, வலதா இடதா, அம்மா ஐயாவின் சி.பி.ஆர். இலக்கம், குடிக்கும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் டேனிஷில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். அவர்களுடைய தொலைபேசியில் 112 செயலியைப் போட்டுக் கொடுங்கள், அது நிற்கும் இடத்தை அனுப்பிவிடும். விலாசத்தை டேனிஷில் சொல்ல அவர்களுக்குப் பழக்குங்கள், இரண்டு மூன்று தரம் சிரித்துக்கொண்டே பழகட்டும். அழைத்த பிறகு ஒருவர் கீழே போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் மணி அடித்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு பேருக்கும் உதவிக்கு வேறு ஆள் இல்லை.