தெருவுக்கொரு இசைப்பள்ளி – 6: ஹார்லெம் வாத்தியார்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் பிரான்சின் பாரிஸிலும் வயலின் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர் அமெரிக்கா திரும்பினார். வித்தையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எந்த சிம்பொனி இசைக்குழுவும் அவருக்கு நாற்காலி போடவில்லை. அவர் கறுப்பினத்தவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. சட்டம் மாறிய வேகத்தில் மனிதர்கள் மாறவில்லை.

அவர் பெயர் ஜான் தாமஸ் டக்ளஸ். 1868-லேயே ‘வர்ஜீனியாஸ் பால்’ என்ற ஓபராவை எழுதியவர். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய முதல் ஓபரா அதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதன் இசைக்குறிப்புகள் தொலைந்துபோயின. பிழைப்புக்காக டக்ளஸ் ஊர் ஊராகச் செல்லும் மேடைக் குழுக்களோடு சுற்றினார்; பிறகு நியூயார்க்கில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். போலந்திலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனிடம் திறமை இருப்பதைக் கண்டு, காசு வாங்காமலே அவனுக்கு வயலின் கற்பித்தார். 1886-இல் டக்ளஸ் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அந்தச் சிறுவன்தான் டேவிட் மேனஸ்.

சென்ற வாரம் பார்த்த மூன்றாம் தெருப் பள்ளியில் இந்தப் பெயர் வந்தது நினைவிருக்கலாம். 1894-இல் எமிலி வாக்னர் என்ற இளம்பெண் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. நியூயார்க் சிம்பொனியில் முதல் வயலின் வரிசைக்குத் தலைமை ஏற்றிருந்த மேனஸ், அங்கே வந்து தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்; 1910-இல் அதன் இயக்குநரும் ஆனார். டக்ளஸ் தனக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1911-இல் ஹார்லெமில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஓர் இசைப்பள்ளி தொடங்க முன்னின்றார். ‘மியூசிக் ஸ்கூல் செட்டில்மென்ட் ஃபார் கலர்டு பீப்பிள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

‘கலர்டு’ என்ற சொல்லை இன்று யாரும் வைக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய உறுத்தல், தனிப்பள்ளி தேவைப்பட்டது என்பதே. அன்றைய நியூயார்க்கில் ஏழைகளுக்கான சேவை இல்லங்கள் பலவற்றிலும் வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு, பக்கத்துத் தெருக் கறுப்பினப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. நல்லெண்ணத்தோடு நடந்த இடங்களிலேயே இந்தக் கோடு இருந்தது. மேனஸ் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு பள்ளி கட்டினார். அவருடைய நன்றியுணர்வை மதிக்கும்போதே இதையும் சொல்லியாக வேண்டும்.

பணம் வேண்டியிருந்தது. அதற்காக 1912 மே 2 அன்று கார்னகி ஹாலில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. மேடையேறியது கிளெஃப் கிளப் இசைக்குழு. கிளெஃப் கிளப், கறுப்பின இசைக்கலைஞர்கள் 1910-இல் நியூயார்க்கில் தமக்காகத் தொடங்கிய அமைப்பு: பாதி தொழிற்சங்கம், பாதி கச்சேரி ஒப்பந்த அலுவலகம். தலைவர், ஜேம்ஸ் ரீஸ் யூரோப். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் மேடையில். ஐரோப்பிய சிம்பொனியில் இரண்டாம் வயலின்கள் உட்காரும் இடத்தில் மாண்டலினும் பாஞ்சோவும். பின்னால் பத்து பியானோக்கள்! அந்த அரங்கம் அதுவரை அப்படி ஓர் ஓசையைக் கேட்டதில்லை.

இந்தக் கலைஞர்களில் பலருக்கு இசை மட்டும் சோறு போடவில்லை. பகலில் முடிதிருத்தினார்கள், உணவகங்களில் பரிமாறினார்கள், சுமை தூக்கினார்கள். ஒத்திகைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதே அரிது. வேலை முடிந்தவர் வந்தார். வேலைக்குப் போக வேண்டியவர் பாதியில் எழுந்து போனார். அப்படித் திரட்டிய குழுவை வைத்துத்தான் யூரோப் அந்த மாலையை நடத்திக் காட்டினார்.

மேடையில் இன்னொருவரும் இருந்தார்: வில் மேரியன் குக். பெர்லினில் புகழ்பெற்ற வயலின் மேதை ஜோச்சிமிடம் கற்றவர். பிராட்வேயில் பெயர் வாங்கிய இசையமைப்பாளர். அன்று வயலின் வரிசையில் ஒருவராக உட்கார்ந்து வாசித்தார். அவர் இயற்றிய ‘ஸ்விங் அலாங்’ பாடலைக் கேட்ட கூட்டம் மறுபடியும் பாடச் சொல்லி ஆர்ப்பரித்தது. குக்குக்குப் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. எழுந்து தலைவணங்கினார். அரங்கில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் அன்று அது சாதாரணக் காட்சி இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே பள்ளிக்காகக் கார்னகி ஹாலில் கச்சேரிகள் நடந்தன.

பள்ளியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைதட்டல் ஒரு மாலைக்கு. மறுநாள் காலையிலிருந்து பள்ளியை நடத்த வேண்டுமே!

டேவிட் மார்ட்டின் என்ற கறுப்பின வயலின் கலைஞர் தொடக்கத்தில் பொறுப்பேற்றார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஹெலன் எலீஸ் ஸ்மித், பியானோ ஆசிரியை. நியூயார்க்கின் இசைக்கலை நிறுவனத்தில், அதாவது பின்னாளில் ஜூலியார்ட் பள்ளியோடு இணைந்த அந்த நிறுவனத்தில், முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தோடு ஒரு வெள்ளைப் பெண் கச்சேரி மேடைக்குப் போயிருக்கலாம். ஸ்மித்துக்குக் கிடைத்த மேடை ஹார்லெமின் பாட அறை. பின்னர் மார்ட்டினும் ஸ்மித்தும் தங்கள் பெயரிலேயே ‘மார்ட்டின்-ஸ்மித் இசைப்பள்ளி’யை ஹார்லெமில் நடத்தினார்கள்.

இந்த வகைப் பள்ளிகளில் ஆசிரியரின் வேலை பாட நேரத்தோடு முடிவதில்லை. கட்டணம் சில காசுகள்தான். ஆனால் அதையும் கேட்டு வாங்கிக் கணக்கு எழுத ஒருவர் வேண்டும். வயலின் வாங்க வழியில்லாத பிள்ளைக்குப் பள்ளியின் வயலினைக் கொடுத்தனுப்ப வேண்டும். தந்தி அறுந்து வந்தால் மாற்றித்தர வேண்டும். இரண்டு வாரமாக வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, காய்ச்சலா, அம்மாவுக்கு வேலை போய்விட்டதா என்று விசாரிக்க வேண்டும். ‘செட்டில்மென்ட்’ இயக்கத்தின் அடிப்படையே இதுதான்: சேவை செய்கிறவர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருக்க வேண்டும். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகும். கதவைத் தட்டியவர்களின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1914-இல் புதிய இயக்குநர் வந்தார்: ஜான் ரோசமண்ட் ஜான்சன். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1873-இல் பிறந்தவர். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் படித்தவர். அண்ணன் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ பாடலுக்கு மெட்டமைத்தவர். 1900-இல் ஜாக்சன்வில் பள்ளிப் பிள்ளைகள் ஐந்நூறு பேர் சேர்ந்து முதன்முதலாகப் பாடிய அந்தப் பாட்டு, பிறகு கறுப்பின அமெரிக்கர்களின் தேசிய கீதம் என்றே பெயர் பெற்றது. பிராட்வேயிலும் லண்டன் அரங்குகளிலும் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், வருமானம் குறைந்த ஒரு தெருப் பள்ளியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் வந்தபின் ஒரு பழைய கேள்விக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது? பாக், பீத்தோவன் மட்டுமா? அடிமைக் காலத்தில் தாத்தா பாட்டிகள் பாடிய ஆன்மிகப் பாடல்களையுமா? ‘அந்தப் பாட்டெல்லாம் பழைய துன்பத்தின் மிச்சம், முன்னேறுகிறவனுக்கு எதற்கு?’ என்று நினைத்த கறுப்பினக் குடும்பங்களும் இருந்தன. ஜான்சன் தம் மக்களின் இசையை ஒதுக்கிவைக்கச் சம்மதிக்கிறவர் இல்லை. பிற்காலத்தில், 1925-லும் 1926-லும், அண்ணனோடு சேர்ந்து இரண்டு பெரிய ஆன்மிகப் பாடல் தொகுப்புகளை அவர் வெளியிட்டார். பியானோ அமைப்பில் பெரும்பகுதி அவருடையதே.

எழுதிய சுரத்தைப் படிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு அந்தக் காலத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு. யூரோப்பின் குழுக்களில் வாசித்த பியானோ கலைஞர் யூபி பிளேக், முதுமையில் இதைச் சொல்லியிருக்கிறார். குழுவினருக்குச் சுரம் படிக்கத் தெரியும். ஆனால் பணக்கார வெள்ளையர் வீட்டு விருந்துகளில் தாளை முன்னால் வைக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். கறுப்பினத்தவர் படிப்பில்லாமல் இயல்பாகவே வாசிக்கிறார்கள் என்று நம்புவதில்தான் அந்த விருந்தினர்களுக்கு மகிழ்ச்சி. கற்ற வித்தையை மறைத்துக்கொண்டுதான் சம்பளம் வாங்க வேண்டியிருந்தது. சுரத்தாளை மேசைமேல் விரித்துவைத்து, ‘படி’ என்று ஒரு குழந்தையிடம் சொன்ன ஹார்லெம் ஆசிரியரின் வேலையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

1919-இல் பள்ளி மூடப்பட்டது. யூரோப்பும் அதே ஆண்டு மே மாதம், உலகப்போரிலிருந்து தம் படைப்பிரிவு வாத்தியக் குழுவோடு வெற்றியுடன் திரும்பிய சில மாதங்களில், பாஸ்டனில் தம் குழுவைச் சேர்ந்த ஒருவரின் கத்திக்குத்தில் இறந்தார். எட்டு ஆண்டுகளே இருந்த ஒரு பள்ளி என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படி முடிக்க மனம் வரவில்லை. கட்டடம் போனாலும் வாத்தியார்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் கதை நீள்கிறது.

ஹெலன் எலீஸ் ஸ்மித் 1916 டிசம்பரில் இசையமைப்பாளர் நதேனியல் டெட்டை மணந்தார். டெட் அப்போது வர்ஜீனியாவில், கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்டன் கல்லூரியில் இசை ஆசிரியர். அவர் வளர்த்த சேர்ந்திசைக் குழு 1930-இல் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்தது. அந்தக் கல்லூரிக்கு, மனையியல் ஆசிரியை ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்து, டெட்டின் குழுவில் பாடிப் பெரும் பாடகியானவர் டோரதி மேய்னர்.

1939-இல் பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் செர்கே கூசெவிட்ஸ்கி மேய்னரின் குரலைக் கேட்டு வியந்து பாராட்டினார். அதே ஆண்டு நியூயார்க் டவுன் ஹாலில் அரங்கேற்றம். ஒலித்தட்டுகள், வானொலி, வெளிநாட்டுப் பயணங்கள் என்று புகழ் வளர்ந்தது. ஆனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் பாட அவருக்கு வாய்ப்பே வரவில்லை. அந்த மேடையில் முதல் கறுப்பினத் தனிப்பாடகியாக மரியன் ஆண்டர்சன் 1955-இல்தான் நின்றார். மேய்னருக்கு அப்போது நாற்பத்தைந்தை நெருங்கும் வயது. டக்ளஸுக்கு மறுக்கப்பட்ட நாற்காலியிலிருந்து மேய்னருக்கு மறுக்கப்பட்ட மேடைவரை எண்பது ஆண்டு இடைவெளி. ஒரே காரணம்.

1963-இல் பாடுவதிலிருந்து ஓய்வு பெற்ற மேய்னர், மறு ஆண்டே ஹார்லெமில் பள்ளி தொடங்கினார். கணவர் ஷெல்பி ரூக்ஸ், செயின்ட் ஜேம்ஸ் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் போதகர். தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடத்தின் அடித்தளத்தில், இருபது பிள்ளைகளோடு ‘ஹார்லெம் ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட்ஸ்’ பிறந்தது. முதலில் பியானோ வகுப்பை மேய்னரே எடுத்தார். ஓய்வுக்குப் பின் பேருக்கு ஒரு பள்ளி வைத்து மாலை வாங்கிக்கொள்ளும் பிரபலங்கள் உண்டு. மேய்னர் அந்த ரகம் இல்லை. நன்கொடைக்காக அலைந்தார், ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார், வயலின், பாலே, நாடகம், ஓவியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1975-இல் மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரைத் தன் நிர்வாகக் குழுவில் சேர்த்தது. அந்தக் குழுவில் முதல் கறுப்பின உறுப்பினர் அவர். பாட அழைக்காத இடம், ஆலோசனை சொல்ல அழைத்தது.

1979-இல் மேய்னர் விலகியபோது பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இருந்தது. ஆயிரம் பிள்ளைகள் அளவில் படித்தார்கள். பொறுப்பு மெஸ்ஸோ சொப்ரானோ பாடகி பெட்டி ஆலனிடம் வந்தது. 1973-இல் மெட்ரோபாலிட்டன் மேடை ஏறிய இவர், 1992 வரை பள்ளியை நிர்வகித்தார். பள்ளி இன்றும் ஹார்லெமில் நடக்கிறது.

இசைப்பள்ளியின் ஊழியர் பட்டியலில் பாட்டும் தெரியாத, வாத்தியமும் வாசிக்காத ஆட்களும் உண்டு. பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோனில், கத்தேயுரா குப்பைமேட்டுப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வயலின் போதாதபோது, எண்ணெய்த் தகரத்தையும் பழைய மரத்தையும் எடுத்து வாத்தியம் செய்துகொடுத்தார் குப்பை பொறுக்கிப் பிழைத்த தச்சர் நிக்கோலாஸ் கோமெஸ். அவரும் அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர் ஃபாவியோ சாவெஸும் அடுத்த வாரம்.

(தொடரும்)